பழைய லேப்டாப்புக்குப் புது விண்டோஸ்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பாதி சரி. ஒரே ஒரு கோபம் மட்டும் பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு லேப்டாப் சம்பந்தப்பட்டது. லேப்டாப் என்ன செய்யும், பாவம். அதில் விண்டோஸ் மாற்றிப் போட்டுத் தந்தவன் மேல்தான் கோபம். என் மேலும் கொஞ்சம்.

நாங்கள் அப்போது கொச்சியில், மட்டாஞ்சேரி கார்ப்பரேஷன் லைனில் இருந்தோம். ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள்; சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒதுக்கியவை. பன்னிரண்டு வீட்டிலும் மலையாளம் கலந்த தமிழ்தான். அப்பா விடியற்காலையில் பஜார் ரோடு கூட்டப் போவார். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை, ஏறக்குறைய அதே ரோடு. அம்மா இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் ஒரே மகளான நானும்தான். அடுத்த வீடு, விண்டோஸ் போட்டுத் தந்தான் என்றேனே, அவனுடையது. நடுவில் இருந்த சுவர் கூரை வரை எட்டாது. அவர்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எங்கள் அடுப்படியில் நின்று எண்ணலாம். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே மலையாளம் மீடியம் பள்ளிக்கூடம், ஒரே பஸ், பரீட்சைக்கு ஒரே கைடு. கைடு என்னுடையது.

படித்து முடித்ததும் நான் ஒரு டிடிபி கடையில் சேர்ந்தேன். கல்யாணக் கடிதமும் மனுக்களும் டைப் செய்கிற வேலை. அவன் எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தான். கழுத்தில் நாடா போட்ட பென்டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு லைனுக்குள் நடந்து வருவான். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஸ்டெதஸ்கோப் மாட்டிய டாக்டர்கூட எங்கள் லைனில் அத்தனை மரியாதை வாங்கியிருக்க மாட்டார்.

லேப்டாப்பை வாங்கித் தந்ததும் அவன்தான். காக்கநாட்டில் ஒரு கம்பெனி கழித்துப் போட்ட லேப்டாப்புகள் அவன் கடைக்கு வந்திருந்தன. அதில் ஒன்றை எனக்காகப் பேசி எடுத்துவைத்தான். அம்மிக்கல் கனம். பாட்டரி செத்துப்போயிருந்ததால் ஒயரைப் பிடுங்கினால் அதோடு சரி. திறந்தால் முதலில் ஒரு ஆணின் பெயர் வரும், அவருக்கு நல்வரவு சொல்லும். யாரோ காக்கநாட்டுக்காரர். புதிதாக எதையாவது ஏற்றப் போனால் அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும், அது யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் நான் அவர் பெயரிலேயே மட்டாஞ்சேரியில் குடித்தனம் நடத்தினேன். வீட்டில் உட்கார்ந்து டைப் செய்ய முடிந்ததே பெரிய விஷயம் என்று இருந்தது.

இனி எங்கள் லைனுக்கே உரிய தலைவலியைச் சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போக சாதிச் சான்றிதழ் வேண்டும். வில்லேஜ் ஆபீசில் போய்க் கேட்டால், நீங்கள் தமிழ்நாட்டு ஆட்கள், அங்கே போய் வாங்குங்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் எங்களை யாருக்குத் தெரியும்? அரசு சாதிப் பட்டியல் போட்ட காலத்துக்கு முன்பே எங்கள் குடும்பம் கொச்சியில் இருந்தது என்று காகிதத்தில் காட்டினால்தான் இங்கே சான்றிதழ் கிடைக்கும். எங்கள் தாத்தாமார் ஊர்க் குப்பையை வாரினார்களே தவிர காகிதம் சேர்த்துவைக்கவில்லை. நிலம் கிடையாது, அதனால் பத்திரம் கிடையாது. பள்ளிக்கூடம் போனது கிடையாது, அதனால் அந்தச் சான்றும் கிடையாது. நான் இரண்டு தடவை விண்ணப்பம் கொடுத்தேன், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. அவனுக்கும் அப்படியேதான்.

அந்த வருஷம் குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வு நடந்து முடிந்திருந்தது. எங்கள் பிரிவுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு இடம். அவனும் எழுதினான், நானும் எழுதினேன். தேர்வானவர்கள் பட்டியலில் என் எண் அவனுக்கு இரண்டு வரி மேலே இருந்தது. நடுவில் இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்வி. சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது சான்றிதழைக் கையில் வைத்திருந்தால் வேலை. எனக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. டிடிபி கடையிலேயே கிழவியாவதா, மேஜை நாற்காலி போட்டு உட்காருவதா என்பது ஒரு காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை அப்பா கொண்டுவந்தார்.

கார்ப்பரேஷன் ஆபீசின் பின்னறையில் மக்கிக் கிடந்த பழைய புத்தகங்களைக் கழிக்கச் சொல்லி உத்தரவாகியிருந்தது. லாரியில் ஏற்றுகிற வேலை அப்பாவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, தன் பெயரை மட்டும் எழுதுவார். தூக்கும்போது ஒரு தடித்த புத்தகம் கை நழுவி விழுந்து திறந்துகொண்டது. பக்கம் பூராவும் கைநாட்டு. கைநாட்டு என்றால் நம் ஆட்களாகத்தான் இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே திருட்டு.

"மோளே, இதுல நம்மாளுங்க பேரு உண்டோன்னு ஒண்ணு நோக்கு. நாளைக்கு உச்சைக்கு முன்னாடி திரும்பக் கொண்டு போடணும்" என்றார்.

அது பழைய மஸ்டர் ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு. ஆங்கிலத்தில் சாய்ந்த கையெழுத்து, ஊதா மை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முனிசிபாலிட்டி பெயரும் வருஷமும் இருந்தன. சாதிப் பட்டியல் போடுவதற்குப் பல வருஷம் முந்தைய வருஷம். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போனேன். ஒரு பக்கத்தின் முதல் வரியில் அடுத்த வீட்டுத் தாத்தாவின் பெயர் இருந்தது. அதற்கு நேர் கீழே என் தாத்தாவின் பெயர். அவருடைய அப்பா பெயர், சாதி, வார்டு, பக்கத்தில் கட்டைவிரல். அந்தக் காலத்திலும் இரண்டு பேரும் அடுத்தடுத்துத்தான் நின்றிருக்கிறார்கள். அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அப்பா எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். மேலே இருப்பது அவர்கள் தாத்தா, அதற்குக் கீழே இருப்பது உங்கள் அப்பா என்று காட்டினேன். அவர் அந்தக் கைநாட்டைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதலாளி வருவதற்கு முன் கடையைத் திறந்து அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்தேன். கடைப் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. ஊதா மை அதில் விழவே இல்லை, வெறும் கோடுகள் வந்தன. சம்பளம் வந்ததும் ஸ்டுடியோவில் கொடுத்துக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று, சுமந்து போயிருந்த என் லேப்டாப்புக்கு ஒயர் போட்டுப் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டேன். சொந்த விஷயத்தை அதில் வைத்தால் முதலாளி முகம் சுளிப்பார். ஈமெயிலில் அனுப்பிவைக்கலாமே என்று இன்று யாராவது கேட்பார்கள். என் ஈமெயில் அன்று தேர்வு முடிவு பார்ப்பதற்கு மட்டும்தான்.

புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

"சர்க்கார் சாமான். ரிட்டயராக இன்னும் ரெண்டு கொல்லம்தான் சர்வீசு. கள்ளன்னு பேரு வாங்கி வீட்டுக்கு வரணுமா?"

மத்தியானத்துக்குள் புத்தகம் கடைசி லோடில் போய்விட்டது. நான் பதறவில்லை. வில்லேஜ் ஆபீஸ் கிளார்க்கிடம் முன்பே கேட்டிருந்தேன். மூலம் கிடைக்காத பழைய ரிக்கார்டு என்றால் நல்ல நகல் போதும், நேரில் வந்து விசாரிப்போம், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்?

இங்கேதான் என் புத்தி என்னைக் கவிழ்த்தது. எங்கள் லைனில் எந்தச் சந்தோஷத்தையும் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வீட்டில் கூந்தல் தைலம் காய்ச்சினால் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு கரண்டி போகும். அன்று மாலை அவன் வேலையிலிருந்து வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன். படத்தைத் திறந்தேன்.

"பாரு. உங்க தாத்தா. கீழே எங்க தாத்தா. ரெண்டு வீடும் ரட்சப்பட்டாச்சு."

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான். நல்லதாப் போச்சு என்றான். பிரிண்ட் எடுத்தாயா என்று கேட்டான். இல்லை என்றேன். வேறு எங்கேயாவது காப்பி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அந்தக் கேள்விகளில் எனக்கு அக்கறைதான் தெரிந்தது.

பிறகு அவன் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னா இப்படி இழுக்குது? பூரா வைரஸ். ஒரு நாள் நின்னு போச்சுன்னா எல்லாம் போச்சு. ஞாயிறாழ்ச்ச வரேன், விண்டோஸ் புதுசாப் போட்டுத் தரேன். உன் பேரிலேயே போட்டுத் தரேன்" என்றான்.

உன் பேரிலேயே என்றதும் நான் விழுந்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை. அந்தக் காக்கநாட்டு மனிதரின் பெயரைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சிடிப் பையோடு வந்தான். மேஜையைக் கரண்ட் பிளக் பக்கமாக இழுத்துப் போட்டோம். அப்பா சாயாவுக்குப் பால் வாங்கப் போனார். அவன் கேட்டான்.

"முக்கியமானது எதுல இருக்கு? டி டிரைவ்ல போட்டிருந்தாப் பேடிக்க வேண்டாம். சி டிரைவ் மட்டும்தான் துடைக்கணும்."

எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது என்றேன். திறந்ததும் கண்ணுக்கு முன்னால் தெரிகிற இடம்தான் பத்திரம் என்பது என் எண்ணம். பீரோவுக்குள் வைப்பதைவிடச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பது பத்திரம் என்று நினைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். கண்ணுக்கு முன்னால் தெரிவது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

"அது சியிலதான் கிடக்கும். போயிரும்" என்றான். "சாரமில்ல, கவலைப்படாத, எடுத்து வைக்கறேன்." கழுத்திலிருந்த பென்டிரைவைக் கழற்றிச் செருகினான். காகிதங்கள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பறக்கும் படம் திரையில் வந்தது. அந்தப் பறக்கும் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. எத்தனை காகிதம் பறந்தது, எந்தக் காகிதம் பறந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

சிடியை உள்ளே தள்ளி லேப்டாப்பைத் திரும்பத் திறந்தான். நீலத் திரை வந்தது, அதில் வெள்ளை எழுத்துகள். மவுஸை நகர்த்தினால் ஒன்றும் நகராது, எல்லாவற்றுக்கும் பொத்தான்தான். ஒப்பந்தம் போல நீளமாக ஏதோ வந்தது. சம்மதம் என்று சொல்ல ஒரு பொத்தான். அதை யாரும் படித்ததில்லை என்று சிரித்தான். பிறகு சி, டி என்று இரண்டு வரிகள் வந்தன. சி மேல் நின்று அழிக்கும் பொத்தானை அழுத்தினான். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. சரி என்றதும் இன்னொரு தடவை கேட்டது. இதில் இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமென்றால் எல் என்ற எழுத்தை அழுத்து என்றது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"நீயே அமுக்கு. உன் மெஷின்தானே."

நான்தான் அழுத்தினேன். விளக்கேற்றச் சொல்லிக் கூப்பிட்டது போல மகிழ்ச்சியாக, முந்தானையைச் செருகிக்கொண்டு அழுத்தினேன். இதை இப்போது எழுதும்போதும் என் காது சூடாகிறது. அவன் அழுத்தியிருந்தால் இத்தனை வருஷம் அவனை மட்டும் திட்டியிருக்கலாம். அதற்கும் வழி இல்லாமல் செய்தான்.

மஞ்சள் பட்டை ஒன்று மெல்ல மெல்ல நீண்டது. நூறு ஆனதும் மறுபடி ஏதேதோ ஏறியது. இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்று ஒரு மூலையில் சொல்லியது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் முப்பத்தேழு. அப்பா பாலோடு பழம்பொரியும் வாங்கி வந்திருந்தார். மூன்று பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே சாயா குடித்தோம். அப்பா அவனிடம், "இதுக்குள்ள ஏறிப் போன பழசெல்லாம் எங்கெடா போவும்?" என்று கேட்டார். அவன் "எங்கயும் போவாது மாமா, காணாமப் போவும், அவ்வளவுதான்" என்றான். அப்பா தலையாட்டினார். அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

கடைசியில் பெயர் கேட்டது. என் பெயரை நானே டைப் செய்தேன். பச்சைக் குன்றும் நீல வானமும் வந்தன. முதல் தடவையாக அந்த இயந்திரம் எனக்கு நல்வரவு சொன்னது. டெஸ்க்டாப்பில் ஒன்றுமே இல்லை, மூலையில் குப்பைத்தொட்டி மட்டும் இருந்தது. படங்கள் எல்லாம் ஒருவிதமாகப் பெருத்துத் தெரிந்தன, சத்தம் வரவில்லை. அதற்கு டிரைவர் என்று ஒன்று தனியாகப் போட வேண்டும், கடையிலிருந்து எடுத்து வருகிறேன் என்றான். என் ஃபைல்களைத் திருப்பிப் போடு என்றேன். "டிரைவர் போட்டப்புறம் போடலாம். இப்பப் போட்டா கொழப்பம் ஆவும்" என்றான். எனக்கு என்ன தெரியும்? டிரைவர் இல்லாமல் வண்டி போகாது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். டிரைவர் போட்டான், சத்தம் வந்தது. பென்டிரைவ் எங்கே என்றேன். முகத்தைத் தொங்கப்போட்டான். கடையில் யாருடையதோ வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரில் செருகியதில் போய்விட்டது, திறந்தால் அழிக்கட்டுமா என்று மட்டும்தான் கேட்கிறது, இரண்டு நாளாக எதையெல்லாமோ செய்து பார்த்துவிட்டேன் என்றான். லேப்டாப்பிலிருந்தே தோண்டி எடுக்க முடியாதா என்று கேட்டேன். மேலே புதிதாக எழுதியாகிவிட்டதே, இனி கிடைக்காது என்றான். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பா, வேறு எதற்காவது கலங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அவனைச் சமாதானப்படுத்தினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விடு, நீ வேண்டுமென்றா செய்தாய், எனக்கு விதி என்றேன். சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினேன். அவன் சாப்பிட்டான். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

காகிதம் இல்லாமலே மூன்றாவது தடவை விண்ணப்பம் கொடுத்தேன். அந்த வருஷப் பதிவேட்டில் தாத்தா பெயரை என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்ல மனிதர். கண்ணால் பார்த்ததை ஃபைலில் சேர்க்க முடியாதே என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு எந்த விசாரணை வந்தாலும் சாட்சிக் கையெழுத்து அடுத்த வீட்டு ஆள்தான் போட வேண்டும். ரேஷன் கார்டானாலும் பெண் கேட்டு வந்தாலும் அப்படித்தான். முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம், என்ன ஏது என்று கேட்கவும் மாட்டார்கள். கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போவார்கள். எழுத்து தெரியாத ஆண்கள்கூடத் தங்கள் பெயரை மட்டும் எழுதப் பழகிக்கொள்வது இதற்காகத்தான்.

என் விண்ணப்பம் திரும்பி வந்து இரண்டு வாரம் இருக்கும். கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு வில்லேஜ் ஆபீஸர் வந்திருந்தாரு. அடுத்த வீட்டுக்கு. அவன் சர்டிபிக்கட்டுக்கு. நான்தான் சாட்சிக்குப் பேரெழுதி ஒப்பிட்டேன்."

"அவங்க என்னா பேப்பர் காமிச்சாங்க?"

"ஏதோ பழைய கோப்பி. கலர்ல இருந்துச்சு. ஊதா மையி. நான் அன்னிக்குச் சாக்குல கொண்டு வந்தேன்ல, அது மாதிரியே இருந்துச்சு மோளே."

அப்பாவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்த முகத்தோடு புகை விட்டார். தண்ணீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அன்று அவர்கள் வீட்டில் பாயசம்கூட வைத்திருப்பார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு எர்ணாகுளம் பஸ் பிடித்தேன். தோப்பும்படிப் பாலம் தாண்டும்வரை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அவன் ஒரு லேப்டாப்பைக் குப்புறப் போட்டு ஆணி கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஆணிகளை ஒவ்வொன்றாக மூடியில் பொறுக்கிப் போட்டான். போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"அந்தப் படம் உன்கிட்ட இருக்கு" என்றேன்.

அவன் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"உனக்கு என்னைவிட மார்க்கு கூடுதல்" என்றான். "ரெண்டு பேரும் சர்டிபிக்கட் கொண்டு போனா உனக்குத்தான் கிட்டும். ஒரு இடம்தானே உண்டு. எனக்கும் இது கடைசி வருஷம்."

"கேட்டிருக்கலாம்லடா."

"கேட்டா விட்டுத் தருவியா?"

விட்டுத் தந்திருக்க மாட்டேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தை நான்தான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் காட்டினேன். அவன் நேர்வழியில் ஜெயித்துப் போயிருந்தால் ஒரு மாதம் அழுதுவிட்டு அவனோடு பேசியிருப்பேன். படத்தைக் கொடு, வேறு ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். அவன் சரி என்றான். கழுத்திலிருந்த பென்டிரைவிலிருந்தே ஒரு சிடியில் எழுதிக் கொடுத்தான். பென்டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதைத் திறந்து பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு எதிரில் இன்னும் ஒரு நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை.

பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சரிபார்ப்புக்கு அவனைக் கூப்பிட்டார்கள், வேலை கிடைத்தது, திருப்பூணித்துறையில் வாடகைக்கு வீடு எடுத்துத் தாயாரையும் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு வயது கடந்தது. இன்றும் கல்யாணக் கடிதம்தான் டைப் செய்கிறேன். யாராவது, அவனை மன்னித்துவிடு, எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று சொன்னால், நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சிடியோடு வீட்டுக்கு வந்த அன்று நேராக லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கு நல்வரவு சொன்னது. அப்பா ஈரத் துண்டோடு வந்து பக்கத்தில் நின்றார். கிடைத்துவிட்டதா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். அவருக்கு இன்னும் முழுக் கதையும் சொல்லவில்லை. படம் திறந்தது. தலையில் முனிசிபாலிட்டி பெயர், வருஷம். அதை ஒட்டினாற்போல ஒரே ஒரு வரி. அடுத்த வீட்டுத் தாத்தாவின் பெயர், அவருடைய கட்டைவிரல். அந்த வரிக்குக் கீழே நேராக வெட்டியிருந்தான். வெட்டின கோட்டின் மேல் அடுத்த வரியின் எழுத்துகளுடைய தலைகள் மட்டும் ஊதாவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. முழுப் பக்கத்தையும் வைத்துக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

அப்பா குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் அவருக்கு இடம் தெரியும், அன்று நான்தான் விரல் வைத்துக் காட்டியிருந்தேன். திரையின் கீழ் விளிம்பில் விரலை வைத்தார்.

"இது அவங்க தாத்தா. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளு மோளே."

"கீழே ஒண்ணும் இல்லப்பா."

"இருக்கும், தள்ளு. அங்கதான் எங்கப்பா."